"அழைப்பு இல்லாதவர்கள் போய்விட்டார்கள்" என்று சொல்லிவிடலாமா?

கடலூரில் ஓர் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தும் போதகர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

வரும் ஜூனில் முதலாண்டு பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) வகுப்பில் 24 பேர் சேர்கிறார்கள். ஐந்து பேர் பெண்கள், மூன்று பேர் குடும்பஸ்தர்கள், இரண்டு பேர் கல்வராயன் மலைக்காரர்கள். புதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதல்வர் இவரிடம் கொடுத்திருக்கிறார். போன ஆண்டு சேர்ந்தவர்களில் நான்கு பேர் கிறிஸ்துமசுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். "ஊழியத்துக்குக் கடவுளின் அழைப்பு இல்லாதவர்கள் நிற்க மாட்டார்கள்" என்று மூத்த ஆசிரியர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த நால்வரில் ஒருவர் இரவெல்லாம் சிற்றாலயத்தில் முழங்காலில் இருப்பார், மெஸ்ஸுக்கு வர மாட்டார். 'ஜெபவீரர்' என்று விடுதியே அவரைப் பாராட்டியது. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அவருடைய கிரேக்க இலக்கணப் புத்தகமும் எவர்சில்வர் டம்ளரும் இன்னும் வார்டன் அறை அலமாரியில் இருக்கின்றன.

இந்த ஆண்டுக்கு இவர் போட்டிருக்கும் திட்டம் மூன்று நாள் அறிமுக முகாம். முதல் நாள் உபவாச ஜெபம், இரண்டாம் நாள் ஒவ்வொருவரும் எழுந்து தன் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்வது, கடைசி இரவு சீனியர்கள் வழக்கமாக நடத்தும் 'அறிமுக இரவு'. இதற்கிடையில் இப்போதைய மாணவர் ஒருவர் வந்து, "வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்களை மோசே எழுதவில்லை என்றால் நான் எதைப் பிரசங்கிப்பது? ஜெபிக்கவே முடியவில்லை. எங்கள் சபைக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா" என்று அழுதிருக்கிறார். அனுப்பிய திருச்சபையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்கிறது. மூன்று நாள் போதுமா, அறிமுக இரவை நிறுத்த வேண்டுமா, இந்தச் சந்தேகத்தை அறிக்கையில் எழுத வேண்டுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

ஒரு டம்ளரையும் புத்தகத்தையும் மறக்காமல் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். போனவரை மறக்காத ஒருவரிடம் இந்தப் பொறுப்பு வந்திருப்பது நல்லது.

முதலில் அந்த 'அழைப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு அழைப்பு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் தகுதி ஆலோசகரான எனக்கு இல்லை. ஆனால் தூக்கம் கெட்டவர், பணம் தீர்ந்தவர், ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாதவர், விடுதியில் அவமானப்பட்டவர் ஆகிய நான்கு பேர் போய்விட்டு, நால்வருக்கும் 'அழைப்பு இல்லை' என்று ஒரே காரணம் எழுதப்பட்டால், ஐந்தாவது ஆள் போவதைத் தடுக்க உங்களுக்கு வழி கிடைக்காது. உள்ளே இருக்கும் மாணவர்களும் அந்த வாசகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "எனக்கு முடியவில்லை" என்று சொன்னால் நமக்கும் அந்த முத்திரைதான் என்று தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். மற்ற கல்லூரிகளில் கஷ்டத்தைச் சொன்னால் 'சோம்பேறி' என்பார்கள். உங்கள் கல்லூரியில் அது விசுவாசக் குறைவு ஆகிவிடுகிறது, சொல்வது அதனாலேயே பல மடங்கு கடினம். நீங்கள் செய்யப்போகும் ஏற்பாடு எதுவானாலும் முதலில் இந்தப் பயத்தைக் குறைக்க வேண்டும்.

முதல் 48 மணி நேரம்

முதல் நாளில் புதியவருக்குத் தேவைப்படுவது தெளிவான சின்னச் சின்னத் தகவல்கள். அறைச் சாவி, வாளி, கொசுவலை, குடிதண்ணீர் எங்கே, மெஸ் முன்பணம் எவ்வளவு, இரவு காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவது என்பவை. மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும், நாகர்கோவிலில் இருந்து வருபவருக்குத் தெரியாது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், துறைமுகம் சந்திப்பு என்று இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. டிக்கெட்டில் எது இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், ராத்திரியில் பெட்டியோடு தவறான இடத்தில் இறங்குவது சேர்ந்த அன்றே மனதை ஒடித்துவிடும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு நடக்கப் போகலாம், கடலில் இறங்கக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அலை திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும் வேகம் தெரியாது.

இவை எல்லாவற்றையும் ஒரே ஒரு தாளில், தமிழில், அறைக்கு ஒன்றாக ஒட்டிவிடுங்கள். பேச்சாகச் சொல்வதில் பாதியை அன்று மாலைக்குள் மறந்துவிடுவார்கள்.

முதல் நாள் உபவாசத்தைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். ஜூன் மாதக் கடலூர் வெயிலில், பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்தவருக்கு வெறும் வயிறு நல்லதல்ல. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். புதிய இடத்தில் "எனக்கு மாத்திரை உண்டு" என்று எழுந்து சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அதனால் சேரும் அன்றே ஒரு மருத்துவத் தாளைத் தனியாக, மூடிய உறையில் வாங்குங்கள்: என்ன நோய், என்ன மாத்திரை, எந்த நேரம், வீட்டில் யாரைக் கூப்பிடுவது. அதோடு ஒரு விதியை எல்லார் முன்னும் சொல்லிவிடுங்கள். ஜெபம் செய்துவிட்டு மாத்திரையை நிறுத்தும்படி ஆசிரியரோ சீனியரோ யாருக்கும் சொல்லக் கூடாது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், பல காலம் வராமல் இருந்த வலிப்பு திரும்ப வரலாம். ஒன்றன் பின் ஒன்றாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனநல மாத்திரைகளையும் எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சாட்சி சொல்லும் நிகழ்ச்சியும் இரண்டாம் நாளுக்கு வேண்டாம். தெரியாத நாற்பது பேருக்கு முன்னால் தன் வாழ்க்கையின் மிக அந்தரங்கமான பகுதியைச் சொல்லச் சொன்னால், மற்றவர்கள் சொன்னதைப் போலவே தானும் ஒன்றைக் கட்டிச் சொல்லத்தான் பழகுவார்கள். அப்புறம் நான்கு ஆண்டும் அந்தக் கதையைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். பேர், ஊர், பிடித்த சாப்பாடு, கைவேலை ஏதாவது தெரியுமா, இவ்வளவு போதும் அன்றைக்கு. மின்விசிறியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் யார் என்பது விடுதிக்கு உடனே பயன்படும்.

"எந்தச் சபை, எந்த ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார், ஊரில் எந்தத் தெரு?" என்று சீனியர்கள் கேட்பதைக் கவனியுங்கள். அந்தக் கேள்விகளின் நோக்கம் பல நேரம் சாதியைக் கண்டுபிடிப்பதுதான். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் கல்லூரி நிர்வாகம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த ஆண்டு சொல்லுங்கள். அறைகளைச் சீட்டு குலுக்கிப் போட்டுக் கொடுங்கள். ஒரே மண்டலத்தார் ஒரே அறையில் சேர விடாதீர்கள். மலைப்பகுதி மாணவர்கள் இருவரையும் மட்டும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வையுங்கள், தன் ஊர்ப் பேச்சை ஒருவரிடமாவது பேச முடிய வேண்டும்.

'அறிமுக இரவு' பற்றி

நிறுத்துங்கள். "இறையியல் மாணவர்கள்தானே, அன்போடுதான் செய்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில், பூரியும் கிழங்கும் பற்றி ஐந்து நிமிடம் பிரசங்கம் பண்ணச் சொல்வார்கள், தடுமாறினால் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம், மாணவருக்கு உடலாலோ மனதாலோ தீங்கு, பயம், வெட்கம் உண்டாக்கும் செயலையும், அவர் இயல்பாகச் செய்ய விரும்பாத ஒன்றைச் செய்யச் சொல்வதையும், கேலியையும் ராகிங் என்றே சொல்கிறது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் கல்லூரித் தலைமை நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்தக் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படும். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் இது. உங்கள் மாவட்டத்திலேயே நடந்ததன் விளைவாக வந்தது என்பதைச் சீனியர்களிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. இதையும் அந்தத் தாளில் சேருங்கள்.

வெறுமனே நிறுத்தினால் சீனியர்கள் ஒளிந்து நடத்துவார்கள். அதே இரவில் அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். அன்று அவர்கள் சமைத்துப் புதியவர்களுக்குப் பரிமாறட்டும். மறுநாள் கூட்டிப்போய்ப் பஸ் நிலையம், மருந்துக்கடை, நகல் எடுக்கும் கடை, ஏ.டி.எம். எல்லாம் காட்டட்டும்.

பெண் மாணவர்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். புகார் கொடுக்க 3 மாத அவகாசம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். குழு உறுப்பினர்கள் யார் யார் என்று சேரும் அன்றே பெயரோடு சொல்லுங்கள்.

ஆறாவது வாரத்தில் என்ன நடக்கிறது

மூன்று நாள் போதுமா என்று கேட்டீர்கள். முதல் மூன்று நாள் யாரும் விழுவதில்லை. புதுமையே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஜூன் நடுவில் கல்லூரி திறந்தால், ஜூலைக் கடைசியை ஒட்டி நான்கைந்து விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. கிரேக்கத்தில் முதல் தேர்வு. பழைய ஏற்பாட்டு அறிமுகத்தில் ஐந்து ஆகமங்களின் ஆசிரியர் யார் என்ற பாடம். வீட்டில் கொடுத்த பணம் தீர்ந்து மெஸ் பில் வருவது. ஞாயிறு ஊழியப் பயிற்சிக்குக் கிராமச் சபைக்கு அனுப்பப்பட்டு, உள்ளுக்குள் குழம்பிக்கொண்டே பிரசங்கிக்க வேண்டி வருவது. பிறகு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வீட்டுக்குப் போவது. திரும்பி வர வேண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான் பலருக்கும் கால் எழாமல் போகும் நேரம். உங்கள் திட்டத்தின் பெரும்பகுதியை இந்த வாரங்களுக்கு நகர்த்துங்கள்.

கிரேக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 24 எழுத்துகளையும் ஒரே வகுப்பில் எழுதிப் போடாமல், நாளைக்கு நான்காக ஆறு நாளில் கொடுத்தால் நிற்கும். குழப்புவது எவை என்று முன்கூட்டியே சொல்லலாம்: 'ரோ' பார்க்க ஆங்கில 'பி' மாதிரி இருக்கும், 'நூ' ஆங்கில 'வி' மாதிரி இருக்கும். ஆங்கில வழியில் படித்தவர்களே இதில் அதிகம் இடறுவார்கள். அடுத்த கட்டத்தில் தமிழ் வழி மாணவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு, அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. போகிறேன், போகிறாய், போகிறார்கள் என்று வினைமுற்றின் விகுதியிலேயே யார், எத்தனை பேர் என்று தெரிவது போலத்தான் கிரேக்க வினையும். வேற்றுமை உருபு ஏற்றுப் பெயர்ச்சொல் மாறுவதும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த சங்கதி. தமிழில் வேற்றுமை எட்டு, கிரேக்கத்தில் ஐந்துதான். ஆங்கில இலக்கணம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழ் இலக்கணத்தில் இருந்து நேரே கிரேக்கத்துக்குப் போங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து பழகியதை உங்கள் மாணவர்கள் கேட்டிருப்பார்கள். வளர்ந்த மனிதர் அரிச்சுவடியில் தொடங்குவது வெட்கம் இல்லை என்று அவர்களுக்கு நினைவுபடுத்த அது உதவும்.

இரண்டாவது வாரம், மதிப்பெண் இல்லாமல், கேட்ட பாடத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். யாருக்குப் பாடமே எட்டவில்லை என்பது தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும். எக்ஸெஜிசிஸ் (வேதப்பகுதியை ஆராய்ந்து பொருள் சொல்வது), ஹெர்மனூட்டிக்ஸ் (பொருள் கொள்ளும் முறைகளைப் பற்றிய படிப்பு) போல வகுப்பில் அடிக்கடி அடிபடும் ஐம்பது அறுபது சொற்களுக்குத் தமிழ்ப் பொருளோடு ஒரு பட்டியல் கொடுத்தால் முதல் பருவம் பாதி இலகுவாகும்.

ஐந்து ஆகமங்கள், மாற்கு 16-ன் கடைசி 12 வசனங்கள் மிகப் பழைய கைப்பிரதிகளில் இல்லாதது போன்ற பாடங்களை வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் வைக்காதீர்கள். அதைக் கேட்டுவிட்டு ஞாயிறு காலை பிரசங்க பீடத்தில் நிற்பது கொடுமை. திங்களில் வையுங்கள். நடத்தப்போகும் முன், "இது உங்களைக் கலங்க வைக்கலாம், கலங்கினால் அது தவறில்லை, வியாழக்கிழமை மாலை உட்கார்ந்து பேசுவோம்" என்று ஆசிரியரே சொல்லட்டும். உபாகமம் 34-ல் மோசேயின் மரணமே எழுதப்பட்டிருப்பதை மாணவர்கள் சின்ன வயதிலிருந்து வாசித்திருக்கிறார்கள். அந்த அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினால், கேள்வி வெளியில் இருந்து வந்த தாக்குதலாகத் தெரியாமல் வேதத்துக்கு உள்ளேயே இருந்த ஒன்றாகத் தெரியும்.

கேட்பவர் ஒருவர், அறிக்கை எழுதுபவர் இன்னொருவர்

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்த மாணவரின் சந்தேகத்தை அறிக்கையில் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. வருகை, தேர்வு, நடத்தை, ஊழியப் பயிற்சி ஆகியவற்றை அறிய அனுப்பிய திருச்சபைக்கு உரிமை உண்டு. ஓர் ஆசிரியரின் அறையில் அழுதுகொண்டு சொன்னதை அறிய அந்த உரிமை போதாது. அறிக்கையை அனுப்பும் முன் மாணவரே வாசித்துக் கையெழுத்துப் போடட்டும். அந்த ஒரு பழக்கம் வந்தால் விடுதியில் பாதிப் பயம் அடங்கும்.

ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முழு வாக்கும் கொடுத்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, இன்னொருவருக்கு ஆபத்து என்றாலோ சொல்ல வேண்டி வரும். ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளாகிறது என்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு துரோகமாகத் தோன்றாது.

உங்களுக்கு இருக்கும் சிக்கல், நீங்களே பாடமும் நடத்துகிறீர்கள், மதிப்பெண்ணும் போடுகிறீர்கள், அறிக்கையும் எழுதுகிறீர்கள் என்பது. மனம்விட்டுப் பேச வருபவருக்கு உங்கள் கையில் இருக்கும் பேனாவும் தெரியும். முதல்வரிடம் பேசி, அறிக்கை எழுதும் வேலையை வேறு ஆசிரியரிடம் மாற்றுங்கள். முடியாவிட்டால், கல்லூரியோடு சம்பந்தமில்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை மாதம் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள்.

2, 5, 10-ஆவது வாரங்களில் ஒவ்வொரு மாணவரோடும் 15 நிமிடம் பேசுங்கள். 24 பேருக்கு ஆறு மணி நேரம், இரண்டு மூன்று மாலைகளில் முடியும். மேசைக்கு எதிரே உட்கார வைக்காமல் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசினால் பேச்சு வரும். நான்கே கேள்விகள்: தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, வீட்டில் என்ன சேதி, இங்கே யாரோடு சேர்ந்து டீ குடிக்கப் போகிறீர்கள்? நான்காவதற்குப் பதில் இல்லாதவரை அடுத்த வாரமே மறுபடி பாருங்கள். குடும்பஸ்தர்களிடம் மனைவி பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்கள், வருமானம் நின்றதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

மூன்று புதியவருக்கு ஒரு சீனியர் என்று எட்டுப் பேரைத் துணைக்குப் போடலாம். நன்றாக ஜெபிப்பவர், நன்றாகப் படிப்பவர் என்று தேடாமல், முதலாண்டில் தானே திணறி எழுந்தவர்களைப் பாருங்கள். அவர்களுக்கு மூன்று அறிவுரை போதும்: பிரசங்கம் செய்யாதே, ரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்யாதே, கவலையாக இருந்தால் அன்றே வந்து சொல்.

சிற்றாலயத்தில் இரவைக் கழித்த மாணவர்

அவரை நான் பார்த்ததில்லை, பார்க்காமல் நோயின் பெயர் சொல்லக் கூடாது. ஆனாலும் வாரக் கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, கூட்டத்திலிருந்து விலகி இருக்கிறார் என்றால், அது மனச்சோர்வாக இருக்கக்கூடும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். ஜெபமும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் ஒரே இரவில் சேர்ந்தே இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இந்த அறிகுறிகள் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது தணலில் சுட்ட அடையும் தண்ணீரும்; சாப்பிட்டபின் மறுபடி தூங்கவும் விட்டான். உங்கள் மாணவர்களுக்கு இதைவிட நன்றாகப் புரியும் விளக்கம் என்னிடம் இல்லை.

"நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்று யாராவது சொன்னால், பொருள்களை எடுத்து மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கினால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பெரும்பாலும் சொல்ல இடம் கிடைத்த நிம்மதிதான் வரும். அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்களிடம் அழுத மாணவருக்கும் இதே வரிசைதான். முதலில் தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று கேளுங்கள், மோசேயைப் பற்றி அப்புறம் பேசலாம். அடுத்த இரண்டு ஞாயிறு பிரசங்கம் இல்லாமல் பாட்டு நடத்தவோ ஓய்வுநாள் பள்ளிக்கு உதவவோ அனுப்புங்கள். காரணம் கேட்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

யோசித்துவிட்டுப் போகத்தான் வேண்டும் என்று யாராவது முடிவெடுத்தால், விடியற்காலையில் சுவர் ஓரமாகப் போக வைக்காதீர்கள். பகலில், சாப்பிட வைத்து, அசல் சான்றிதழ்களைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பாக்கிப் பணத்துக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் உரிமை கல்லூரிக்குக் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது.

ஜூன் வருவதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த மாணவரின் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். திரும்பி வரச் சொல்ல வேண்டாம், ஏன் போனாய் என்றும் கேட்க வேண்டாம். "உங்கள் புத்தகமும் டம்ளரும் எங்களிடம் இருக்கின்றன, பார்சலில் அனுப்பட்டுமா, நான் கொண்டுவந்து தரட்டுமா? இப்போது நன்றாகத் தூங்குகிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள்.